லண்டன் சி3 சைக்கிள் பாதை: டயர் மாற்றிய கையோடு

பின் டயரையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் ஈஸ்ட்ஹாம் நண்பன் கேட்கிறான்: "பார்க்கிங் (Barking) ஊர்லேர்ந்து சி3-லதானே வேலைக்குப் போற? நானும் ஒரு சைக்கிள் வாங்கட்டுமா?"

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டவர் ஹில்லிலிருந்து தேம்ஸ் ஓரமாக வெஸ்ட்மின்ஸ்டர் வரை வரும் பகுதிக்கு ஈடே கிடையாது. கார்களிடமிருந்து இடத்தை எடுத்து, போகவும் வரவும் சைக்கிளுக்கென்றே 2016-ல் திறந்த பாதை. லாரிக்கும் எனக்கும் நடுவே இருப்பது உயரமில்லாத ஒரு கல் தடுப்புதான். ஆனால் அதற்குள் நுழைந்ததுமே விறைத்திருந்த தோள் தானாகத் தளர்ந்துவிடும். இந்தப் பாதையை எதிர்த்து டாக்சிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். நெரிசலில் நிற்கும் கறுப்பு டாக்சியைத் தாண்டும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். அற்பத்தனம்தான், இருக்கட்டும்.

அந்தக் கல்லின் அருமை தெரிய இன்னொரு சைக்கிள் பாதையான சி2-வைப் பார்க்க வேண்டும். கிழக்கு லண்டனில் பௌ பக்கம் ஆரம்பத்தில் நீலப் பெயின்ட் அடித்ததோடு சரி. 2011-ல் பௌ ரவுண்டபவுட்டில் ஒரு மாதத்துக்குள் இரண்டு பேர் லாரியில் அடிபட்டு இறந்தார்கள். தடுப்பெல்லாம் அப்புறம் வந்தது. பஸ் லேன் போதாதா என்பவர்களும் உண்டு. லண்டனில் பெரும்பாலான பஸ் லேன்களில் சைக்கிளும் போகலாம். ஆனால் முதுகுக்குப் பின்னால் டபுள் டெக்கர் உறுமிக்கொண்டிருக்க எப்படி நிம்மதியாக மிதிப்பது? அந்த பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாரும் என் வேகத்துக்கு ஊர்வதும் நியாயமில்லை. அவரவருக்கு அவரவர் பாதை வேண்டும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். சி3-ல் ஏ13 நெடுஞ்சாலையை ஒட்டி, பெக்டன் பக்கமாக வரும் பகுதி. கண்ணாடி! பீர் பாட்டில் சில்லு, கார் ஜன்னல் தூள், எல்லாம் அங்கேதான். நடுரோட்டில் விழுந்தால் கார் டயர்களே ஓரத்துக்குத் தள்ளிவிடும். சைக்கிள் பாதையில் விழுந்ததைத் தள்ள யார் இருக்கிறார்கள்? யாராவது வந்து பெருக்கினால்தான் உண்டு. மழை பெய்தால் இன்னும் மோசம், ஈரத்தில் சில்லு ரப்பருக்குள் வழுக்கிக்கொண்டு ஏறும். கடைக்காரர் டயரை விரித்துக் காட்டினார்: அரிசி நொய் அளவு, பச்சை நிறம், சாய்வாகக் குத்தி உள்துணி வரை போயிருந்தது. புகார் எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது, துடைப்பம் வரவில்லை. பாதை போடக் காசு இருக்கிறது, பெருக்க இல்லை போலிருக்கிறது.

வாங்கலாமா என்றால், இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஈஸ்ட்ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறினால் வண்டி மாறாமல் வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கலாம். அப்படியும் வாங்குவேன் என்று அடம்பிடித்தால் மெல்லிய ரோடு டயர் மட்டும் வேண்டாம். பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த தடித்த டயராகப் பார். கூடவே ஒரு ட்யூப், ஒரு பம்பு.