ஐஎன்-9 அல்லது ஐஎன்-13: ஆம்ப்ளிஃபையர் மீட்டருக்கு எந்த நியான் குழாய்?

ஆம்ப்ளிஃபையரில் சத்தத்தின் அளவைக் காட்டும் லெவல் மீட்டர் வைப்பதென்றால் பெரும்பாலும் எல்எம்3915 ஐசியும் பத்து எல்இடியும்தான். ஒரு எல்இடிக்கு 3 டெசிபல் என்று படிப்படியாகத் தாவும். வேலைக்குப் போதும். ஆனால் ஒளி இழைந்து ஏறி இறங்க வேண்டுமென்றால் பழைய சோவியத் நியான் குழாய்கள்தான் வழி: ஐஎன்-9, ஐஎன்-13.

இரண்டிலும் கேத்தோடு, அதாவது மைனஸ் முனை, ஒரு நீளக் கம்பி. கரண்ட் கூடக் கூட ஆரஞ்சு ஒளி அந்தக் கம்பியில் மேலே மேலே படரும். நீளத்தைத் தீர்மானிப்பது கரண்ட், வோல்டேஜ் அல்ல. ஐஎன்-9 சுமார் 14 செ.மீ., இரண்டே வயர், உச்சம் 12 மில்லிஆம்பியர். ஐஎன்-13 சுமார் 16 செ.மீ., மூன்று வயர், 4.5 மில்லிஆம்பியருக்கு மேல் போகக்கூடாது.

அந்த மூன்றாவது வயரில்தான் விஷயமே இருக்கிறது. அது துணை கேத்தோடு. 220 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக அதை கிரவுண்டில் கட்டினால் குழாயின் அடியில் ஒரு பொட்டு ஒளி எப்போதும் எரியும். கோடு அங்கிருந்துதான் கிளம்பும். ஐஎன்-9-இல் அந்தப் பிடி இல்லை. சத்தம் குறையும்போது ஒளி அடியை விட்டுக் கழன்று நடுக்குழாயில் மிதக்கும், அல்லது அணைந்து திரும்பப் பற்றத் தாமதிக்கும். 0.5 முதல் 1 மில்லிஆம்பியர் வரை எப்போதும் ஓடவிட்டால் குறையும், முழுதாகப் போகாது. நீளம் கரண்டுக்கு நேர் விகிதம் என்பதால் 0 டெசிபலுக்கு 100 மி.மீ. என்றால், சிக்னல் பத்தில் ஒரு பங்காகும் மைனஸ் 20 டெசிபலுக்கு 10 மி.மீ.தான். மெல்லிசை நடமாடுகிற அந்த 10 மி.மீ.யில்தான் ஐஎன்-9 தடுமாறும். அதனால் வீட்டில் பாட்டுக் கேட்கிற செட்டுக்கு ஐஎன்-13 மட்டுமே. எந்நேரமும் உரக்கப் பாடுகிற திருவிழா மைக் செட்டுக்கு ஐஎன்-9 தாராளம்.

ஓட்டும் சர்க்யூட் ஒன்றேதான். எல்எம்358 ஆப்-ஆம்பின் வெளியீடு 1 கிலோஓம் வழியாக எம்ஜேஇ340 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு, எமிட்டரிலிருந்து ஆப்-ஆம்பின் மைனஸ் இன்புட்டுக்கு, கேத்தோடு கலெக்டரில். எமிட்டர் ரெசிஸ்டர் ஐஎன்-9-க்கு 100 ஓம், ஐஎன்-13-க்கு 220 ஓம். இரண்டிலும் 1 வோல்ட் இன்புட் என்றால் ஏறக்குறைய முழு நீளம். இன்புட்டில் வோல்டேஜைக் கட்டிப்போடும் 5.1 வோல்ட் ஜீனர் டயோடும், அதன்பின் 4.7 கிலோஓம், 1 கிலோஓம் பங்கீடும் போடுங்கள், 0.9 வோல்டுக்கு மேல் ஏறாது, குழாய் பிழைக்கும். ஐஎன்-9-இன் ஆனோடில் 3.3 கிலோஓம் 1 வாட் சேருங்கள். இல்லாவிட்டால் மிச்ச வோல்டேஜ் முழுவதும் டிரான்சிஸ்டர் தலையில் விழுந்து கொதிக்கும்.

குழாய்க்குத் தேவையான சுமார் 180 வோல்ட் டிசிக்கு இரண்டு வழி. ஒரு 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டை, தலைகீழாக வைத்த 9-0-9 டிரான்ஸ்பார்மரின் இரு முனைக்கும் கொடுங்கள். நடு வயரை டேப் சுற்றி விட்டுவிடலாம். கணக்குப்படி 153 வோல்ட் ஏசி. நஷ்டம் போக, பிரிட்ஜுக்கும் 22 மைக்ரோஃபாரட் 400 வோல்ட் கெப்பாசிட்டருக்கும் பிறகு ஏறத்தாழ 180 நிற்கும். இரண்டும் மதுரை டவுன் ஹால் ரோட்டில் கேட்டால் கிடைக்கிற சரக்கு. இரைச்சல் கிடையாது, வீட்டு செட்டுக்கு இதுவே உத்தமம். ஆனால் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ஜெனரேட்டரில் ஓடும் செட்டில் லைன் இறங்கினால் இதுவும் இறங்கி, குழாய் பற்றாமல் போகும். அங்கே 12 வோல்டிலிருந்து ஏற்றும் பூஸ்ட் கன்வெர்ட்டர் நல்லது: எம்சி34063 ஐசி, வெளியே ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட், டயோடு கட்டாயம் யுஎஃப்4007. 1என்4007 போட்டால் அதன் வேகம் பத்தாது, சுடும். இரைச்சல் பாட்டில் ஏறாமல் இருக்க, பலகையைத் தகரப் பெட்டிக்குள் அடைத்து ப்ரீ-ஆம்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

230 வோல்டை நேரடியாக ரெக்டிஃபை செய்து குழாய்க்குக் கொடுக்கும் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். செட்டே லைனோடு நேராகச் சேர்ந்துவிடும், மைக் பிடிக்கிறவர் உயிருக்கே ஆபத்து. வயரைக் கண்ணாடிக்கு ஒட்டி வளைத்தால் சீல் விட்டுக் காற்று ஏறிவிடும், 5 மி.மீ. தள்ளி, மூக்கு பிளையரால் பிடித்து வளையுங்கள். கெப்பாசிட்டர் குறுக்கே 220 கிலோஓம் அரை வாட் கட்டியிருந்தாலும், சுவிட்சை அணைத்து அரை நிமிடம் பொறுத்து, மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள்.