பாளையங்கோட்டையில் ஒரு பைண்டிங் கடை: தையல் பிரமாதம், கத்தியிடம் ஜாக்கிரதை

தெற்கு பஜாரை ஒட்டிய சந்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் காலேஜ் பிராஜெக்ட் கட்டுகள் அடுக்கியிருந்தால் அதுதான் கடை.

நான் கொண்டுபோனது ரே பாரர் பற்றிச் சேர்த்து வைத்திருந்த நகல் தாள்கள். ஆஸ்திரேலிய விமானி, 1894-இல் பிறந்தவர். 1920 ஜனவரி 8-ஆம் தேதி மெக்கின்டாஷ் என்பவரோடு லண்டன் பக்கத்து ஹவுன்ஸ்லோவில் கிளம்பி, ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். ஒற்றை இன்ஜின் விமானத்தில் அந்த வழியைக் கடந்த முதல் ஆட்கள் இவர்கள்தான். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதலில் பறப்பவர்களுக்கான 10,000 பவுண்டு பரிசை ஸ்மித் சகோதரர்கள் முந்தைய டிசம்பரிலேயே வென்றுவிட்டார்கள். அது தெரிந்துதான் பாரரும் மெக்கின்டாஷும் கிளம்பினார்கள்! விமானத்துக்குப் பணம் கொடுத்தவர் ஒரு விஸ்கி வியாபாரி. கல்கத்தாவில் கையில் காசில்லாமல் வானத்திலிருந்து விளம்பர நோட்டீஸ் தூவினார்கள். பர்மாவின் மௌல்மீனில் இறங்கும்போது விமானம் நொறுங்கியது. ரேடியேட்டர் போச்சு. இரண்டு ஃபியட் கார் ரேடியேட்டர்களை மாட்டிக்கொண்டு மறுபடி பறந்தார்கள். பஸ் டெப்போவில் ரேடியேட்டரோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவன் நான். அந்தப் பக்கம் மட்டும் என் கைபட்டுக் கிழிந்தே போயிருந்தது.

கடைக்கார அண்ணாச்சி அதைத்தான் முதலில் எடுத்தார். மெல்லிய தாளைப் பின்னால் ஒட்டி, எழுத்து மறையாமல் சரிசெய்தார். ஒட்டும்போதே படிக்கவும் செய்தார். பாரர் பிற்பாடு நியூகினியில் புலோலோ தங்க வயலுக்கு விமான சர்வீஸ் தொடங்கி, தானும் தங்கம் தேடி அலைந்த கதை வந்ததும் நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

“தங்கம் ஏதும் அகப்பட்டுதா அண்ணாச்சி?”

“அகப்பட்டிருந்தா, 1934 லண்டன்–மெல்போர்ன் பந்தயத்துக்கு அந்தப் பழைய ஃபேரி ஃபாக்ஸ் விமானத்தையா ஓட்டிட்டு வருவாரு? அக்டோபர்ல கெளம்பி பிப்ரவரியில போய்ச் சேர்ந்திருக்காரு.”

“போய்ச் சேந்துட்டாருல்லா!”

வேலைக்கு வருகிறேன். வெறும் பசை இல்லை, நூல் தையல். புத்தகத்தை விரித்து வைத்தால் அப்படியே படிந்து கிடக்கிறது. முதுகுக்குக் கருநீலக் காலிகோ, மூலைக்கும் அதே துணி. கூலி 350 ரூபாய். இந்தத் தையலுக்கு அதிகமே இல்லை. வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றது செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. அது பரவாயில்லை.

பொறுக்க முடியாதது, ஓரம் சீர்படுத்துகிறேன் என்று கட்டிங் மெஷினில் கொடுத்ததுதான். பயண வரைபடத்தின் வலது ஓரம் காலி. டார்வின் இருந்தது அங்கேதான். மனிதர் ஏழு மாதம் பாடுபட்டுப் போய்ச் சேர்ந்த ஊர் குப்பைக்கூடையில் கிடக்கிறது. கேட்டால், டார்வினுக்கு முந்தைய தீவைக் காட்டி, “திமோர் வரைக்கும் இருக்குல்லா” என்கிறார். இதற்கு என்ன சொல்ல? ஒரு ஸ்டார் குறைத்து நாலு கொடுக்கிறேன்.

மே, ஜூனில் போகாதீர்கள், பள்ளிக்கூட வேலை குவிந்திருக்கும். வரைபடம், அகலத் தாள் இருந்தால் உள்பக்கமாக மடித்துக் கொடுங்கள். ‘ஓரம் வெட்டக் கூடாது’ என்று முதல் தாளிலேயே பென்சிலால் பெரிதாக எழுதிவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்.