டெங்கு நெகட்டிவ், காய்ச்சல் விடவில்லை: திருகோணமலைப் பயணக் குறிப்பு

ஊர் வந்த இடத்தில் காய்ச்சல் கண்டால் வீட்டில் முதல் வார்த்தை "டெங்காயிருக்கும், ரத்தத்தைச் செக் பண்ணுங்கோ" என்பதுதான். பிழையில்லை, 2017இல் டெங்கால் அருகிலுள்ள கிண்ணியா பட்ட பாடு லேசில் மறக்காது. எஃப்.பி.சி. (முழு ரத்த எண்ணிக்கை), டெங்குக் கிருமியைத் தேடும் அன்ரிஜன் பரிசோதனை இரண்டையும் நகரத்துத் தனியார் ஆய்வுகூடத்தில் எடுக்கலாம். அரச வைத்தியசாலையில் காசில்லை, வரிசைதான். முடிவு வரும்வரை பனடோல் (பரசிற்றமோல்) மட்டும். இபுபுரூஃபன் தொடவே வேண்டாம்.

அன்ரிஜன் நெகட்டிவ், பிளேற்லெற் குறைவு, ஐந்தாறு நாளாகியும் காய்ச்சலும் தலையிடியும் விடவில்லையென்றால் உண்ணிக் காய்ச்சலை, அதாவது ஸ்க்ரப் டைபஸை, நினைக்க வேண்டும். பிளேற்லெற் இதிலும் இறங்கும், குழப்பமே அங்கேதான். பெயரில் உண்ணி இருந்தாலும் நாயில் தொங்கும் உண்ணி இதைத் தருவதில்லை. வயல் வரம்பிலும் வளவுப் பற்றையிலும் புல் நுனியில் காத்திருக்கும், கண்ணுக்குச் சரியாகப் படாத சிற்றுண்ணிக் குஞ்சுதான் தருவது. தாய் சிற்றுண்ணி முட்டை வழியாகவே கிருமியைக் குஞ்சுக்குக் கொடுத்துவிடும். கடித்தது தெரியாது. 6 முதல் 21 நாளில் காய்ச்சல் வரும்.

வெளிநோயாளர் பிரிவில் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடம். உடுப்பைக் கழற்றி முழு உடம்பும் பார்க்க அந்த நெரிசலில் நேரமுமில்லை, மறைப்புமில்லை. ஆகவே போகுமுன் வீட்டில் நீங்களே பாருங்கள்: அக்குள், தொடையிடுக்கு, நாரிப்பட்டி இறுகும் இடம், மார்பின் கீழ், தொப்புள், காதுக்குப் பின். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம், அருகே நெறி கட்டியிருக்கும். நோவோ அரிப்போ இராது, அதனால்தான் தப்பிவிடுகிறது. கண்டால் படம் எடுத்து வைத்தியரிடம் முதலில் அதையே காட்டுங்கள். எந்த வயல், எந்தக் காணி, எத்தனை நாளுக்கு முன் என்பதையும் சொல்லுங்கள். எல்லோருக்கும் பொருக்கு வருவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

உறுதிப்படுத்தும் அன்ரிபொடி (எதிர்ப்பொருள்) பரிசோதனை கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் நடக்கும். முதல் வாரத்தில் அது நெகட்டிவாகவும் வரலாம், எனவே முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவார்கள். வளர்ந்தோருக்கு டொக்சிசைக்கிளின் 100 மி.கி., நாளுக்கு இரண்டு தரம், வழமையாக 7 நாள். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின், பிள்ளைகளுக்கு அளவு நிறையைப் பொறுத்தது. மருந்துக்கடையில் வாங்கிப் போடும் அமொக்சிசிலின் வேலை செய்யாது, கிருமி நம் உடற்கலத்துக்குள் (செல்லுக்குள்) ஒளிந்திருப்பதால். சரியான மருந்துக்கு 48 மணித்தியாலத்தில் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். குளிசையை ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண் வரும். பாலோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் சேர்க்க வேண்டாம். தோல் வெயிலுக்குச் சுடும். நிலாவெளிக் கடற்கரையை அந்த வாரம் விட்டுவிடுங்கள். இரண்டாம் வாரம்வரை இழுத்தடித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகும். மூச்சு வாங்கினால், தடுமாறிக் கதைத்தால் ஓட்டோ பிடிக்க நிற்காமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

டைபஸ் வைத்தியர் சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்க வேண்டிய நோய். பிறகு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்து விசாரித்தால் பதற வேண்டாம், வழமைதான்.

கோட்டைக்குள் மான்களோடு நின்ற பிள்ளைகளில் ஒட்டுவது நிசமான உண்ணி, அது வேறு கதை. நுனி மெல்லிய சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெயும் நெருப்புக்குச்சியும் வேண்டாம். காதுக்குள் போனால் தோண்டாமல் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குப் போங்கள்.

வார்ட்டில் இருந்து வெளியேறும்போது நோய் விபரம் எழுதிய டயக்னோசிஸ் கார்டைக் கேட்டு வாங்குங்கள். லண்டனோ ரொறன்ரோவோ போய் இறங்கி மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், அங்குள்ள டொக்டரிடம் "இலங்கை, வயல், ஸ்க்ரப் டைபஸ்" என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கும்.