பருத்தி ரிங் ஸ்லிங்: ஒக்கலில் வைத்த மாதிரியே இருக்கிறது

பிள்ளையை ஒக்கலில், அதாவது இடுப்பில், வைத்து உடம்போடு கட்டிச் சுமக்கும் துணி இது. நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு கடையில் 1,400 ரூபாய்க்கு வாங்கியது. ஒரு முனையில் இரண்டு அலுமினிய வளையங்கள், மற்றபடி நீளமான பருத்தித் துணி, அவ்வளவுதான். மகளுக்கு ஐந்து மாதம். கீழே கிடத்தினால் அழுவாள், தூக்கினால் அமைதியாகிவிடுவாள். "கையிலேயே வச்சுப் பழக்காதே மக்களே" என்பார் மாமி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முயலைப் பாருங்கள். குட்டிகளை வளைக்குள் விட்டுவிட்டு, பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் போய்ச் சில நிமிடம் பால் கொடுக்கும். அதன் பால் அத்தனை கொழுப்பானது, மறுநாள் வரை தாங்கும். மானும் குட்டியைப் புல்லுக்குள் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போகும். குரங்கு அப்படி விடாது. குட்டி தாயின் வயிற்று முடியைப் பற்றித் தொங்கியபடியே போகும், வேண்டும்போதெல்லாம் குடிக்கும். நம் பாலும் அந்த வகைதான். கொழுப்பு சுமார் 4 சதவீதம், சீக்கிரம் செரித்துவிடும், பிள்ளைக்கு அடிக்கடி பசிக்கும். பிறந்த பிள்ளையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடிக்கிறதே, அந்தப் பிடி இருக்கிறது. பற்றிக்கொள்ளத்தான் நம் உடம்பில் முடி இல்லை. அதனால்தான் துணி.

அந்த வேலையை இது நன்றாகவே செய்கிறது. ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு மடிப்பு வரை துணி தாங்குவதால் கால்கள் அகன்று, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று மேலே நிற்கின்றன. இடுப்பு மூட்டுக்கு அதுதான் நல்லது. கால் நேராகத் தொங்கும் பைகளை நான் வாங்கமாட்டேன். வளையத்தில் துணியைக் கொஞ்சம் தளர்த்தினால் தக்கலை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பால் கொடுத்துவிடலாம்.

முதல் துவைப்பில் சாயம் போனது. பிள்ளை துணியைச் சப்பும், துவைக்காமல் கட்டாதீர்கள். ஆனி ஆடிச் சாரலில் காய நேரமாகிறது. பெரிய குறை வேறு: கட்டும் விதத்தைக் கடையில் யாரும் சொல்லித் தரவில்லை, தமிழில் குறிப்புத் தாளும் இல்லை. தவறாகக் கட்டினால் பிள்ளைக்கு மூச்சு முட்டும். முகம் எப்போதும் தெரிய வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும், குனிந்தால் நெற்றியில் முத்தமிட எட்ட வேண்டும். அடுப்படியில் கட்டிக்கொண்டு நிற்கவே கூடாது.

அப்புறம், என் கணவர் உயரம், அவருக்கு இந்த நீளம் போதவில்லை. பெரிய அளவாகக் கேட்டு வாங்குங்கள், இருவருமே சுமக்கலாம்.