லூபன் படம் என்றார்கள், நான் பார்த்தது இன்ஸ்பெக்டர் படம்

33 வருடம் காக்கி போட்டவன் நான். அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர் நாற்காலி. அதனால் சினிமாவில் போலீஸ் வந்தாலே எனக்கு எரிச்சல்தான். ஒன்று கோமாளி, இல்லாவிட்டால் ஒரே உதையில் பத்துப் பேரைப் பறக்கவிடுகிறவர். நடுவில் ஆளே கிடையாது. ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருக்கும் என் பேத்தி, “தாத்தா, இந்தக் கார்ட்டூனில் ஒரு இன்ஸ்பெக்டர் வருவார், உங்களுக்குப் பிடிக்கும்” என்றபோது பேப்பரை மடிக்காமலேயே தலையாட்டினேன். கால் மணி நேரம் கழித்துத்தான் மடித்தேன்.

படம் ‘காலியோஸ்ட்ரோ கோட்டை’. 1979 டிசம்பரில் ஜப்பானில் வெளியானது. மியாசாகி ஹயாவோ இயக்கிய முதல் முழுநீளப் படம். 100 நிமிடம். நாயகன் மூன்றாம் லூபன், பிரெஞ்சுக் கதைகளில் வரும் கனவான் திருடன் ஆர்சேன் லூபனின் பேரன். மங்கி பஞ்ச் என்ற புனைபெயரில் எழுதிய ஓவியர் 1967-ல் ஆரம்பித்த காமிக்ஸிலிருந்து வந்தவன். அவனைத் துரத்துவதையே பிழைப்பாக வைத்திருப்பவர் இன்ஸ்பெக்டர் ஜெனிகட்டா கொயிச்சி. பழுப்பு நிற நீளக் கோட்டு, தொப்பி, செவ்வகத் தாடை. இந்த விமர்சனம் அவரைப் பற்றி மட்டும்தான். லூபனைப் பற்றி எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் பெயர். ஜப்பானில் ‘ஜெனிகட்டா ஹெய்ஜி’ என்று ஒரு கதாபாத்திரம் இருக்கிறது. 1931-ல் நோமுரா கொதோ உருவாக்கிய, எடோ காலத்துத் (சாமுராய்கள் ஆண்ட காலம்) துப்பறிவாளர், காசைச் சுண்டி எறிந்தே குற்றவாளியை மடக்குகிறவர். நம் இன்ஸ்பெக்டர் அவருடைய வாரிசு என்று கதை. திருடனுக்கும் வம்சப் பெருமை, போலீசுக்கும் வம்சப் பெருமை. தாத்தாக்கள் இரண்டு பேருமே கற்பனை ஆட்கள் என்பதுதான் வேடிக்கை.

லூபன் இவரை ‘தொட்ஸான்’ என்றுதான் கூப்பிடுவான். சப்டைட்டிலில் ‘பாப்ஸ்’ என்று போட்டிருந்தார்கள். பேத்தியிடம் அர்த்தம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு “பெரிசு” என்றாள். அதற்குமேல் எனக்கு சப்டைட்டில் தேவைப்படவில்லை. மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை, ஒரு சொந்தம் இருக்கிறது. வருஷக்கணக்காக ஒரே ஆளை மறுபடி மறுபடி பிடித்து உள்ளே தள்ளினால், அந்த ஆள் இன்ஸ்பெக்டரை இப்படித்தான் கூப்பிடுவான். என் ஸ்டேஷனிலும் ஒருவன் இருந்தான். பண்டிகைக்கு முன்னால் வந்து, “ஐயா, இந்த வாரம் என்னைத் தேட வேண்டாம், வீட்டில்தான் இருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போவான்.

கதை நடப்பது 3500 பேர் வசிக்கும் ஒரு கற்பனைக் குட்டி நாட்டில். அங்கே ஒரு பிரபு, அவன் பலவந்தமாகக் கல்யாணம் செய்துகொள்ளப்பார்க்கும் பெண் கிளாரிஸ், கோட்டைக்கு அடியில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் கள்ளநோட்டு அச்சகம். லூபன் வருகிறான் என்றதும் ஜெனிகட்டா தன் படையோடு வந்து இறங்குகிறார். இன்டர்போல் அதிகாரி அல்லவா, கூட வருகிற படை எங்கிருந்து என்று பார்த்தால் ஜப்பானின் சைத்தாமா மாவட்டப் போலீஸ்! டோக்கியோவுக்குப் பக்கத்து மாவட்டம். ஐரோப்பியக் கோட்டை வாசலில் சைத்தாமா ரோந்து கார் நிற்கிறது. பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நிஜத்தில் இன்டர்போல்காரர்கள் நாடு நாடாகப் போய் யாருக்கும் விலங்கு மாட்டுவதில்லை. தகவல் பரிமாறுவதுதான் அவர்கள் வேலை, கைது செய்வது அந்தந்த நாட்டுப் போலீஸ். அது தெரிந்தே செய்த குறும்பு என்றுதான் தோன்றுகிறது.

ஜெனிகட்டா வந்து இறங்குவதைப் பார்த்து லூபன் ஒரு வார்த்தை சொல்கிறான்: ஷோவா ஒற்றை இலக்கம் என்றால் சும்மாவா, என்ன ஒரு கடமை உணர்ச்சி! ஹிரோஹிதோ சக்கரவர்த்தியின் ஆட்சிக் காலமான ஷோவாவின் முதல் ஆண்டிலிருந்து ஒன்பதாம் ஆண்டுக்குள், அதாவது 1926 கடைசிக்கும் 1934-க்கும் நடுவில் பிறந்தவர்களுக்கு ஜப்பானில் அந்தப் பெயர். போரில் சிறுபிள்ளைகளாக அடிபட்டு, பிறகு மாடாக உழைத்துத் தேய்ந்த தலைமுறை. இதில் இன்னொரு விஷயம்: ஜெனிகட்டாவுக்குக் குரல் கொடுத்த நாயா கோரோ பிறந்தது 1929. கிண்டல் செய்யும் லூபனுக்குக் குரல் கொடுத்த யமதா யசுவோ பிறந்தது 1932. இரண்டு பேருமே ஒற்றை இலக்கம். ஒரு கிழவர் இன்னொரு கிழவரை ‘வயசாச்சு’ என்று கேலி செய்வதுபோல. நாயா கோரோவின் குரல் கரகரப்பானது. காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் எங்கள் ஏட்டையா பேசுகிற குரல்.

இரவில் பந்தோபஸ்து நிற்கும்போது ஜெனிகட்டா தன் ஆட்களோடு உட்கார்ந்து கப் நூடுல்ஸ் உறிஞ்சுகிறார். சில விநாடிக் காட்சிதான். ஆனால் டூட்டிக்குப் போய்ப் பசியோடு நின்றவன் எவனோ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்ததுபோல இருக்கிறது. தனியாக நல்ல சாப்பாடு இல்லை. ஆட்களுக்கு என்னவோ அதுதான் அவருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் படை அவர் பின்னால் எங்கே வேண்டுமானாலும் ஓடுகிறது.

சரி, நடுப்பகுதி. லூபன் இவரைப் போலவே வேஷம் போட்டுக் கோட்டைக்குள் குழப்பம் பண்ணுகிறான், நிஜ ஜெனிகட்டாவை லூபன் என்று நினைத்துக் காவலர்கள் பாய்கிறார்கள், அவர் பொறிக்கதவு வழியாகப் பாதாளத்தில் விழுகிறார். சுற்றிலும் எலும்புக் குவியல். அங்கே லூபனும் வந்து விழுகிறான். வெளியே போக வழி இல்லாத இடத்திலும் அவருக்குக் கைது நினைப்புதான்! அப்புறம் இரண்டு பேரும் ஒப்பந்தத்துக்கு வருகிறார்கள். வெளியே போகும்வரை சண்டை இல்லை, போன பிறகு உன்னை விட மாட்டேன். கை குலுக்கிக்கொள்கிறார்கள். உலக நாடுகளின் நோட்டுகள் அத்தனையும் கட்டுக்கட்டாக அச்சாகிற இடத்துக்கு வந்து நிற்கும்போது ஜெனிகட்டாவின் முகத்தைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் தானே தொட்டுப் பார்க்கிறார்.

அதன்பின் பாரிஸ். தான் கண்ணால் பார்த்ததை இன்டர்போல் கூட்டத்தில் சொல்கிறார். அமெரிக்கர் ரஷ்யரைக் கைகாட்டுகிறார், ரஷ்யர் அமெரிக்கரைக் கைகாட்டுகிறார். இது அரசியல், உன் வேலை இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். ஜெனிகட்டா மேசையைத் தட்டிக் கத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கும் ஒரு முறை நடந்திருக்கிறது. எஃப்.ஐ.ஆர். எழுத உட்கார்ந்து முதல் வரி முடிப்பதற்குள் மேலிருந்து போன் வந்தது. பேனாவை மூடி வைத்தேன், அவ்வளவுதான். இந்தக் காட்சியில் பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.

ஆனால் நான் செய்யாததை இந்த ஆள் செய்கிறார். அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். கள்ளநோட்டைத் தொடக்கூடாது, ஆனால் லூபனைப் பிடிக்க அவருக்குத் தடை இல்லை. கல்யாண நாளில் லூபன் வருகிறான் என்று சாக்குச் சொல்லிப் படையோடு உள்ளே நுழைகிறார். கல்யாணம் செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுக்க நேரடி ஒளிபரப்பு. லூபனின் பழைய தோழியான திருடி ஃபுஜிகோ கேமராவோடு பின்னால் ஓடிவருகிறாள். லூபனைத் துரத்துகிறேன் பேர்வழி என்று நேராக அச்சகத்துக்குள் போய் நின்று, கேமராவைப் பார்த்து, ஐயோ லூபனைத் தேடிவந்த இடத்தில் ஏதோ பயங்கரமானதைக் கண்டுபிடித்துவிட்டேனே, இப்போது என்ன செய்வேன் என்று கேட்கிறார். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நடிக்கிற பையன்கூட இதைவிட நன்றாக நடிப்பான். நாயா கோரோ வேண்டுமென்றே அப்படி இழுத்து இழுத்துப் பேசியிருக்கிறார்.

ரைட்டர் வேலை பார்த்தவனுக்கு இந்தக் காட்சியின் ருசி தனி. ஒரு வழக்குக்காகப் போன இடத்தில் இன்னொரு வழக்கின் சொத்து சிக்குவது அன்றாடம் நடப்பது. அதற்கு மகஜர், அதாவது கைப்பற்றியதைப் பதியும் பத்திரம், போட வேண்டும், சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். சாட்சிக்கு ஆள் தேடித் தெருவில் அலைந்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. ஜெனிகட்டா உலகம் முழுவதையும் மகஜர் சாட்சியாக்கிவிட்டார். இனி எந்த மேலிடமும் போன் போட்டு அதை மூட முடியாது. சட்டத்தையும் மீறவில்லை, உத்தரவையும் மீறவில்லை. நான் கைதட்டியே விட்டேன்.

கடைசிக் காட்சி பிரபலமானது. லூபன் போய்விட்டான், போலீஸ் வழக்கம்போல அப்புறம்தான் வருகிறது. அவர் எதையும் திருடவில்லை, எனக்காகத்தான் போராடினார் என்கிறாள் கிளாரிஸ். இல்லை, பயங்கரமானதைத் திருடிவிட்டான், உங்கள் இதயத்தை, என்கிறார் ஜெனிகட்டா. அச்சகத்தில் சொன்ன அதே ‘தொந்தெமொனாய் மொனோ’தான் இங்கேயும் வருகிறது என்று பேத்தி படத்தை நிறுத்திக் காட்டினாள். அங்கே கேமராவுக்காகப் பொய்யாகச் சொன்னார், இங்கே ஒரு சின்னப் பெண்ணிடம் நிஜமாகச் சொல்கிறார். நாங்கள் பார்த்த சப்டைட்டிலில் இரண்டு இடத்திலும் வெவ்வேறு சொல். பாதிச் சுவை போச்சு. ஜப்பானிய ஒலியில் பார்த்து, அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. கடிகாரக் கோபுரச் சண்டை வந்ததும் இன்ஸ்பெக்டரை ஓரங்கட்டிவிடுகிறார்கள். பற்சக்கரங்களுக்கு நடுவே நடக்கும் சண்டை பிரமாதம்தான், ஆனால் என் ஆள் எங்கே என்றுதான் நான் தேடிக்கொண்டிருந்தேன். கிளாரிஸ் ஒன்றிரண்டு இடம் தவிர மற்ற நேரமெல்லாம் காப்பாற்றப்படக் காத்திருக்கிறாள். வாள்வீரன் கோயெமோன் எதற்கு வந்தான் என்றே தெரியவில்லை.

அடுத்து 1977-ல் தொடங்கிய டிவி தொடரைப் பார்க்கலாம் என்கிறாள் பேத்தி. 155 பகுதி. அதில் ஜெனிகட்டா கொஞ்சம் கோமாளியாக இருப்பாராம், முன்னாலேயே சொல்லிவிட்டாள். பரவாயில்லை, அத்தனை பகுதியில் எத்தனையில் லூபனை உள்ளே தள்ளுகிறார் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ரிமோட்டை எடுத்தாள்.