8×42, 10×42: பறவை பார்க்க எந்தப் பைனாகுலர்?

பறவை பார்க்கப் பைனாகுலர் தேடுபவர்கள் எத்தனை மாடல்களை அலசினாலும் கடைசியில் இரண்டு எண்களில்தான் வந்து நிற்கிறார்கள்: 8×42, 10×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதைச் சொல்கிறது. அடுத்தது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். ஒரே வரிசையில் இந்த இரண்டுக்கும் எடையிலும் விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. நிக்கான் மோனார்க் எம்7-இல் 8×42 சுமார் 670 கிராம், 10×42 சுமார் 680 கிராம். செலவும் சுமையும் ஒன்றாக இருக்க, பத்தை விட்டுவிட்டு எட்டை எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆனாலும் தமிழ்நாட்டுக் காடு, தோப்பு, ஏரிக்கரை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பைனாகுலர் என்றால் எட்டைத்தான் எடுக்க வேண்டும். உப்பளம், கழிமுகம், விரிந்த ஏரி என்று திறந்த வெளியிலேயே பொழுதைக் கழிப்பவருக்குப் பத்து பொருந்தும்.

முதலில் காட்சி அகலம். எம்7 8×42-இன் பார்வைக் கோணம் 8.3 டிகிரி, 10×42-இன் கோணம் 6.9 டிகிரி. 1000 மீட்டர் தொலைவில் அது 145 மீட்டர், 121 மீட்டர் அகலம். பெட்டியில் அச்சிடும் இந்தக் கணக்கு காட்டுக்குள் உதவாது. வால்பாறைச் சோலையில் பறவை 15 மீட்டரில் இருக்கும். அங்கே எட்டில் தெரியும் வட்டம் ஏறத்தாழ 2.2 மீட்டர் அகலம், பத்தில் 1.8 மீட்டர். மின்சிட்டும் கரிச்சானும் பட்டாணிக்குருவியும் கலந்த கூட்டம் தலைக்கு மேலே கிளை கிளையாகத் தாவிப் போகும்போது அந்த 40 சென்டிமீட்டர்தான் பறவையைக் கண்ணுக்குள் கொண்டுவரும், அல்லது வெறும் இலையைக் காட்டும். கூர்மை எவ்வளவு இருந்தாலும், பறவை வட்டத்துக்குள் வராவிட்டால் பயனில்லை.

எட்டு என்றாலே அகலம் என்று நம்பிவிடவும் கூடாது. மோனார்க் எம்5 8×42-இன் கோணம் 6.4 டிகிரிதான், அதாவது எம்7-இன் பத்து மடங்கைவிடக் குறுகல். மடங்கைப் பார்த்து எட்டை வாங்கியவர் அகலத்தில் பத்தைவிடக் குறைவானதைக் கையில் வைத்திருப்பார். அதனால் பெட்டியில் மடங்கைப் படித்த கையோடு டிகிரியையும் படியுங்கள். எட்டு மடங்கில் 7.5 டிகிரிக்குக் கீழே இருந்தால், கண்ணாடி அணிபவருக்கான வசதி போன்ற வேறு வலுவான காரணம் இருந்தால் மட்டும் எடுக்கலாம்.

இதோடு ஆழத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே குவியத்தில் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம், மடங்கின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 100-ஐ 64-ஆல் வகுத்தால் 1.56. எட்டில் கிடைக்கும் ஆழம் பத்தைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். பறவை கொஞ்சம் முன்னே பின்னே தாவினாலும் குவியச் சக்கரத்தைத் திருப்ப வேண்டிய தேவை குறைகிறது.

கை நடுக்கமும் அதே கதைதான். பறவையைப் பெரிதாக்கும் கண்ணாடி நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கும். ஏற்றம் ஏறி மூச்சு வாங்கும்போது பத்தில் அலகின் நிறத்தைப் பிடிக்க முடியாமல் போவதற்கு லென்ஸ் காரணமில்லை. முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி, தொப்பியின் முன்விளிம்பையும் பைனாகுலரையும் சேர்த்துப் பிடித்தால் நடுக்கம் நன்றாகக் குறையும். இது எந்த மடங்குக்கும் பொருந்தும்.

வெளிச்சக் கணக்கு எளிது. விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42-க்கு 5.25 மி.மீ., 10×42-க்கு 4.2 மி.மீ. நண்பகலில் நம் கண்மணி 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருப்பதால் இரண்டுக்கும் வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியாது. விடியற்காலையிலும், அந்தியில் ஆறுமணிக்குருவி கத்தும் நேரத்திலும், சோலையின் அடியிலும் தெரியும். வயது ஏற ஏறக் கண்மணி விரியும் அளவு குறைவதால், அறுபதைத் தாண்டியவருக்கு இந்த ஆதாயம் சிறியது. ஆனால் ஒளிவட்டம் பெரிதாக இருந்தால் கண்ணை நேராகப் பொருத்துவது எளிது. அவசரமாகத் தூக்கும்போது கறுப்பு நிழல் விழாது. குழந்தைகளுக்கும் புதியவர்களுக்கும் இது பெரிய வசதி.

பத்து ஜெயிக்கும் இடம் கோடியக்கரை போன்ற திறந்த உப்பள நிலம். கொசு உள்ளான் என்ற சிறு கரைப்பறவைக்குக் கால் கறுப்பு, அதன் நெருங்கிய உறவான டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை. 80 மீட்டரில் நிற்கும் உள்ளானை எட்டு மடங்கு 10 மீட்டரில் நிற்பது போலவும், பத்து மடங்கு 8 மீட்டரில் நிற்பது போலவும் காட்டும். அந்த இரண்டு மீட்டரில் காலின் நிறம் தெளியும். வட்டமிடும் கழுகு, பருந்து வகைகளுக்கும் பத்து நல்லது, வெறும் வானத்தில் தேடுவதற்கு இலை குறுக்கே நிற்பதில்லை. ஆனால் உப்பளத்தில் வெயில் ஏறியதும் தரையிலிருந்து கானல் எழும்பும். அதன்பிறகு மடங்கு கூடக் கூடக் கலங்கல்தான் பெரிதாகும், எனவே பத்தின் ஆதாயம் காலையோடு முடிந்துவிடும். 150 மீட்டருக்கு அப்பால் இருக்கும் சின்னஞ்சிறு கரைப்பறவைகளுக்கு முக்காலியில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்தான் வேண்டும், பத்து அதற்கு ஈடாகாது.

பாரோ ப்ரிசமா, ரூஃப் ப்ரிசமா?

பட்ஜெட் பத்தாயிரத்தைச் சுற்றி இருந்தால் உண்மையான போட்டி இதுதான். ப்ரிசம் என்பது தலைகீழாக விழும் பிம்பத்தை உள்ளே நிமிர்த்தும் கண்ணாடிக் கட்டி. நேர்க்குழாயாக ஒல்லியாக இருப்பது ரூஃப், தோள் விரிந்து பழைய பாணியில் இருப்பது பாரோ. பாரோவில் எல்லாப் பரப்புகளிலும் ஒளி முழுதாகப் பிரதிபலிக்கும், தனியாகப் பிரதிபலிப்புப் பூச்சு தேவையில்லை. பரவலாக வரும் ரூஃப் வகையில் ஒரு பரப்புக்கு உலோகப் பூச்சோ, டைஎலக்ட்ரிக் எனும் உலோகமல்லாத பல அடுக்குப் பூச்சோ கட்டாயம் வேண்டும். அதோடு கூர்மை குன்றாமலிருக்க, ஒளி அலைகளின் ஒழுங்கைக் காக்கும் ஃபேஸ் பூச்சும் வேண்டும். விலை குறைந்த ரூஃபில் இவற்றில்தான் கை வைப்பார்கள். அதனால் ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ்-1 (8.2 டிகிரி, 710 கிராம்), நிக்கான் ஆக்குலான் ஏ211 8×42 (8 டிகிரி, 755 கிராம்) போன்ற பாரோக்கள் அதே விலை ரூஃபைவிடப் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

பாரோவின் குறை மூன்று. இந்த இரண்டிலும் கண்ணிடைவெளி (முழு வட்டமும் தெரியக் கண் பின்கண்ணாடியிலிருந்து தள்ளியிருக்கக்கூடிய தூரம்) 12 மி.மீ.தான், மூக்குக்கண்ணாடி அணிபவருக்கு வட்டத்தின் ஓரம் வெட்டுப்படும், அவருக்கு 15 மி.மீ.க்கு மேல் வேண்டும். ஒலிம்பஸ் 4 மீட்டருக்கு உட்பட்டதைக் குவிக்காது, எனவே வண்ணத்துப்பூச்சிக்கு ஆகாது. மூன்றாவதுதான் நம் ஊரில் பெரியது. குவிக்கும்போது பாரோவின் பின்கண்ணாடிகள் வெளியே வந்து உள்ளே போகும், கூடவே ஈரக்காற்றையும் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உறையோடு அலமாரியில் விட்டால் ப்ரிசத்தில் பூஞ்சை படரும், கழற்றித் துடைத்தால் இரு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கும் அச்சு விலகும். நைட்ரஜன் நிரப்பி அடைத்த ரூஃபில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. மழையிலும் மலையிலும் அலைபவர் கொஞ்சம் காசு சேர்த்து நல்ல ரூஃபே வாங்குவது மேல்.

10-30×50 என்று ஜூம் போட்டு வருபவற்றையும், சிவப்புப் பூச்சு மின்னும் கண்ணாடிகளையும் தொட வேண்டாம். ஜூமில் குறைந்த மடங்கிலேயே வட்டம் ஊசித்துளை போலக் குறுகிவிடும்.

கடையில் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். முன்கண்ணாடியை வெளிச்சத்துக்கு நீட்டி, 30 செ.மீ. தள்ளிப் பின்கண்ணாடியைப் பாருங்கள். ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் சதுரமாக மழுங்கினால் ப்ரிசம் தரம் குறைந்தது. பிறகு எதிர்க்கட்டடத்தின் மொட்டைமாடி விளிம்பைப் பார்த்தபடி பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்குங்கள். இரு பக்கமும் கோடு ஒரே மட்டத்தில் ஓட வேண்டும், படி போல உடைந்தால் அச்சு விலகியிருக்கிறது, வேறு எடுக்கச் சொல்லுங்கள். கடைசியாக டார்ச்சை முன்பக்கம் அடித்து உள்ளே தூசி, நூல் போன்ற பூஞ்சை இருக்கிறதா பாருங்கள், பழையது வாங்கும்போது இதுவே முதல் வேலை.

இரு கண்களின் பார்வை வித்தியாசத்தை ஈடுசெய்யும் டயாப்டரை வாங்கிய அன்றே சரிசெய்ய வேண்டும். பலர் இதைச் செய்யாமலே ‘கலங்கலாக இருக்கிறது’ என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தால் ஒரு பெயர்ப்பலகையை இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணருகே இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் குறியை நினைவில் வையுங்கள், பையில் உரசி நகர்ந்துவிடும்.

வீட்டில் காற்றுப்புகாத டப்பாவில் ஒரு பிடி சிலிக்கா ஜெல்லோடு வைக்கவும், நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் காயவைத்துத் திரும்பப் போடலாம். கடற்கரை போய் வந்தால் உப்பு ஒட்டியிருக்கும். சட்டை நுனியால் துடைத்தால் பூச்சு கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதி, பிறகு மெல்லிய பிரஷ், அதன்பிறகே லென்ஸ் திரவமும் மைக்ரோஃபைபர் துணியும். முழுக்க நீர்புகாததாக இருந்தால் தண்ணீர்க் குழாயை மெல்லத் திறந்து நல்ல தண்ணீரில் அலசிவிடலாம். நீர்புகாத அடைப்பில்லாத பாரோவை ஒருபோதும் அப்படி அலசக் கூடாது, ஈரத் துணியால் உடலை மட்டும் ஒற்றி எடுக்க வேண்டும்.