சேப்பாக்கம் ஸ்டேடியம்: அப்பாவோட ஒரு நாள்

பாண்டில இருந்து சேப்பாக்கத்துக்கு மேட்ச் பாக்க போறவங்க ஈசிஆர் பஸ்ல திருவான்மியூர்ல இறங்கி பறக்கும் ரயில் புடிச்சிடுங்க, சேப்பாக்கம் ஸ்டேஷன் ஸ்டேடியத்தை ஒட்டியே இருக்கு, கார் எடுத்துட்டு போனா வாலாஜா ரோட்டுல மேட்ச் அன்னைக்கு நகரவே முடியாது.

நாங்க போனது 2024 செப்டம்பர் 19, பங்களாதேஷ் டெஸ்ட் முதல் நாள். அப்பா கடைசியா அங்க உக்காந்தது 1999 ஜனவரி 31, பாகிஸ்தான் டெஸ்டோட நாலாவது நாள், சச்சின் முதுகு வலியோட 136 அடிச்சு அவுட்டாகுறப்ப இன்னும் 17 ரன் தான் வேணும், கையில மூணு விக்கெட், அப்புறம் நாலே ரன்ல எல்லாம் போய் 12 ரன்ல தோத்துட்டோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம், அப்புறம் மொத்த ஸ்டேடியமும் எழுந்து பாகிஸ்தான் டீமுக்கு கை தட்டுச்சாம். அழுதுகிட்டே தட்டினேன்டான்னு சொல்வாரு.

உள்ள போனதும் அப்பா தேடினது தூணை. அந்த காலத்துல கூரையை தாங்குற தூண் மறைச்சு, பவுலர் தெரிஞ்சா பேட்ஸ்மேன் தெரியமாட்டானாம். 2011 உலகக் கோப்பைக்கு புதுசா கட்டின ஸ்டாண்டுல அந்த பிரச்சனையே இல்ல, மேல வெள்ளையா கூடாரம் மாதிரி கூரை, ஸ்டாண்டுக்கு நடுவுல இடைவெளி விட்டிருக்காங்க, மெரினா காத்து அது வழியா உள்ள வருது. வெயில்ல வாடிப்போய் உக்காந்திருக்கும்போது அந்த காத்து முகத்துல பட்டுச்சு பாருங்க, அதுக்கே டிக்கெட் காசு சரியாப்போச்சு. ஆனா படி ரொம்ப செங்குத்து, அப்பா கம்பியை புடிச்சு ஒவ்வொரு படியா தான் ஏறினாரு, வயசானவங்களுக்கு கீழ்த்தட்டுல எடுங்க.

நம்ம பாண்டி துத்திப்பட்டு கிரவுண்டும் அழகு தான், ரஞ்சி கோப்பை மேட்ச் எல்லாம் நடக்குது, ஆனா இந்த மண்ணோட வயசு வேற. ஸ்டேடியம் 1916ல வந்தது, 1934ல முதல் ரஞ்சி மேட்ச் இங்க தான், மெட்ராஸ் மைசூரை ஒரே நாள்ல முடிச்சிடுச்சு. 1952ல இந்தியா முதன்முதலா டெஸ்ட் ஜெயிச்சதும் இங்க தான், இங்கிலாந்துக்கு எதிரா வினு மன்கட் 12 விக்கெட். 1986ல ஆஸ்திரேலியாவோட டை, அதாவது ரெண்டு டீமோட ரன்னும் சமமா முடிஞ்ச மேட்ச், இத்தனை வருஷ டெஸ்ட் கிரிக்கெட்ல டை ஆனதே ரெண்டு தான், அதுல ஒண்ணு இந்த பிட்ச்ல.

நாங்க போன அன்னைக்கு இந்தியா 144 ரன்னுக்கு 6 விக்கெட். அப்பா பேச்சையே நிறுத்திட்டாரு. அப்புறம் அஸ்வினும் ஜடேஜாவும் நின்னு ஆடினாங்க, நம்ம சென்னை பையன் அஸ்வின் சொந்த ஊர்ல செஞ்சுரி போட்டப்ப வந்த சத்தத்துல பக்கத்துல இருந்த அப்பா என்ன சொன்னாருன்னே கேக்கல, தோள்ல கெடந்த துண்டை எடுத்து சுத்திட்டு இருந்தாரு.

திரும்பி வர்றப்ப மகாபலிபுரம் தாண்டியும் அந்த 17 ரன்னைப் பத்தி தான் பேசிட்டு வந்தாரு.